நாகேயா: ஒரு கூம்புத் தாவரப் பேரினத்தை வகைப்படுத்திப் பெயர் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் நாகேயா வாலிச்சியானா ஒன்றுதான். கொடைக்கானலிலும் மூணாறிலும் வாகமண்ணிலும் காணும் பைன் மரங்கள் யாவும் நடப்பட்டவை. அகத்தியமலைத் தொடரின் இருபுறமும், களக்காடு முண்டந்துறையிலும் நெய்யாறு பக்கத்திலும் உள்ள பசுமைமாறாக் காடுகளில் இந்த மரம் நிற்கிறது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்திலிருந்து தாவரவியல் படிக்கும் மாணவர்கள் பலர் இதைத் திட்டக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மரத்தை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது ஒரு கேள்வி. அப்படி வைத்த பிறகு அதற்கு எந்தப் பெயர் செல்லும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்வது மரத்தின் உறுப்புகள்; இரண்டாவதற்கு விடை சொல்வது பெயரிடல் விதிகள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு பெயரிலிருந்து தொடங்குபவர்கள் ஒரே மரத்துக்கு நான்கு பெயர்களைக் கண்டுபிடித்து, எதை எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆகவே இங்கே படிகளின் வரிசையே முக்கியம். அதை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காட்டிலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மலையின் கிழக்குச் சரிவுக்குத் தமிழ்நாட்டு வனத்துறையிடம் வாங்கிய அனுமதி, மேற்குச் சரிவில் கேரளப் பகுதிக்குச் செல்லாது. எல்லை ஓடையைத் தாண்டி எடுத்த கிளைக்குப் பழைய அனுமதி எண்ணை எழுதினால், பின்னால் அந்த மாதிரியை எந்தத் தொகுப்பகமும் ஏற்றுக்கொள்ளாது.

புதிதாகக் கிளை ஒடிக்க வேண்டிய தேவையே பல வேளைகளில் இல்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரத் தொகுப்பகம்), பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்காவின் ஹெர்பேரியமும், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் தொகுப்பும் இருக்கின்றன. உலர்ந்த தாள்களை முதலில் அங்கே பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போவது நல்லது. எந்த உறுப்பு தாள்களில் குறைகிறது என்று தெரிந்துகொண்டு போனால் அதை மட்டும் கவனித்து எடுத்து வரலாம்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று, குறிப்பேடு, இணையத்தில் ஐ.பி.என்.ஐ. எனப்படும் பன்னாட்டுத் தாவரப் பெயர்ப் பட்டியல், பழைய நூல்களின் பக்கங்களை அப்படியே படிக்கத் தரும் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம், நடைமுறையில் உள்ள பெயரிடல் விதித்தொகுப்பு ஆகியவை போதும். விதித்தொகுப்பு ஒவ்வொரு பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகும் திருத்தப்படுகிறது. 2017இல் ஷென்சென் நகரிலும் 2024இல் மாட்ரிட் நகரிலும் மாநாடுகள் நடந்திருப்பதால், நூலக அலமாரியில் கிடைக்கும் பழைய பதிப்பை வைத்து விதி எண்களை மேற்கோள் காட்டக் கூடாது.

2. கூம்புத் தாவரம்தான் என்று உறுதிசெய்தல்

இலை ஊசியாக இருந்தால் கூம்புத் தாவரம், அகலமாக இருந்தால் இல்லை என்று நினைப்பதே முதல் இடறல். சவுக்கின் பச்சைக் குச்சிகள் ஊசிபோலத் தெரிந்தாலும் அது பூக்கும் தாவரம். நாகேயாவின் இலையோ பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. நீளமும் 3 முதல் 5 செ.மீ. அகலமும் கொண்டது, தூரத்திலிருந்து பார்த்தால் காட்டில் நிற்கும் மற்ற அகன்ற இலை மரங்களிலிருந்து வேறுபாடு தெரியாது.

எனவே இலையின் வடிவத்தை விட்டுவிட்டு இனப்பெருக்க உறுப்பைத் தேட வேண்டும். பூவும் சூலகமும் இல்லாமல், விதை திறந்த நிலையில் தோன்றுகிறதா என்பதே சோதனை. நாகேயாவில் ஆண் மரமும் பெண் மரமும் வெவ்வேறு என்பதால், ஒரு மரத்தின் அடியில் மட்டும் நின்று தேடிவிட்டு விதையே இல்லை என்று முடிவு கட்டாமல் சுற்றியுள்ள மரங்களையும் பார்க்க வேண்டும்.

3. பேரினத்துக்கான அடையாளங்களை வரிசையாகப் பார்த்தல்

முதிர்ந்த இலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் தடித்த நரம்பு எதுவும் இராது. காம்பிலிருந்து கிளம்பும் பல மெல்லிய நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, நுனியில் நெருங்கிக் குவியும். நாட்டு மரங்களில் வலைப்பின்னலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது மூங்கில் இலையை நினைவூட்டலாம். ஆனால் இங்கே தண்டைச் சுற்றும் இலையுறை கிடையாது, இலை தோல்போலத் தடித்து விறைப்பாக இருக்கும்.

அடுத்து இலைகள் அமைந்த விதம். இலைகள் எதிரெதிராகத் தோன்றுகின்றன. அடுத்தடுத்த இணைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைகின்றன. ஆனால் காம்பு திருகிக்கொள்வதால் கிளை முழுவதும் ஒரே தளத்தில் இரண்டு வரிசையாக விரிந்ததுபோலத் தெரியும். தாளில் அழுத்தி உலர்த்திய பிறகு இந்தத் திருகலைக் காண முடியாது. பசுமையாக இருக்கும்போதே காம்பின் அடியைக் கைவில்லையால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த போடோகார்ப்பஸ் பேரினத்தின் இலையில் ஒற்றை நடுநரம்பு தெளிவாக இருக்கும். ஆகவே போடோகார்ப்பஸிலிருந்து நாகேயாவைப் பிரிக்க இலையே போதும். அகாத்திஸ் என்ற இன்னொரு கூம்புத் தாவரப் பேரினத்திலிருந்து பிரிக்க இலை போதாது. தோட்டங்களில் நடப்படும் அகாத்திஸுக்கும் நடுநரம்பு இல்லாத, பல நரம்புகள் கொண்ட அகன்ற இலைதான். ஆனால் அதன் மொட்டு உருண்டையானது, பட்டையைக் கீறினால் பிசின் தாராளமாக வடியும், பெண் கூம்பு பல செதில்கள் அடுக்கிய பெரிய உருண்டையாக இருக்கும். நாகேயாவில் அத்தகைய கூம்பு உருவாவதில்லை. எபிமேட்டியம் எனப்படும் சதையுறை போர்த்திய ஒற்றை உருண்டை விதை, காய்போலவே தோன்றும்.

விதையின் கீழே உள்ள தாங்கியையும் பாருங்கள். நாகேயா வாலிச்சியானாவில் அது பருத்துச் சதைப்பற்றாக இருக்கும். ஜப்பானிலும் தைவானிலும் வளரும் நாகேயா நாகியில் அது பருக்காது. பேரினத்துக்குள் இனங்களைப் பிரிக்கும் அடையாளம் இது. விதையை மட்டும் பறித்துக் காகித உறையில் போட்டுக்கொண்டு தாங்கியைக் கிளையிலேயே விட்டு வருபவர்கள் மிகவும் தேவையான சான்றைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இளம் மரங்களின் இலைகள் முதிர்ந்த மரங்களின் இலைகளைவிடப் பெரியவை என்பதையும் மறக்க வேண்டாம். அளவை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று கிளம்பியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நாற்றுப்பருவ இலைதான் கையில் இருந்திருக்கும்.

4. பேரினத்தின் எல்லையைத் தீர்மானித்தல்

இந்தப் படியில் பெயர்களை முழுவதுமாக மறந்துவிடுங்கள். எந்தெந்த இனங்கள் ஒரே கூட்டமாக நிற்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வி.

இதற்கு மூன்று விடைகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, பல நரம்பு இலை கொண்டவற்றையும் ஒற்றை நடுநரம்பு கொண்டவற்றையும் சேர்த்து ஒரே பெரிய போடோகார்ப்பஸாகக் கொள்வது. பழைய இந்தியத் தாவர நூல்கள் பின்பற்றியது இதை. இரண்டாவது, 1969இல் தாவரவியலாளர் டி லாபென்ஃபெல்ஸ் செய்ததுபோல, நாகேயாவையும் அதன் நெருங்கிய ஆப்பிரிக்க, பசிபிக், தென்னமெரிக்க உறவுகளையும் ஒரு கூட்டமாக்கிப் போடோகார்ப்பஸிலிருந்து வெளியே எடுப்பது. மூன்றாவது, அந்தக் கூட்டத்தையும் உடைத்து, ஆப்பிரிக்க இனங்களை ஆஃப்ரோகார்ப்பஸ் என்றும், பசிபிக் மற்றும் தென்னமெரிக்க இனங்களை ரெட்ரோஃபில்லம் என்றும், பல நரம்பு இலை கொண்ட ஆசிய இனங்களை மட்டும் நாகேயா என்றும் வைப்பது. 1987இல் டி லாபென்ஃபெல்ஸ் தம் கூட்டத்தை உடைக்காமலே நாகேயா என்ற பெயருக்கு மாற்றினார்; ஆஃப்ரோகார்ப்பஸையும் ரெட்ரோஃபில்லத்தையும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பேஜ் என்ற தாவரவியலாளர் தனிப் பேரினங்களாக்கினார். இன்று பரவலாக ஏற்கப்படுவது மூன்றாவது விடை. அதன்படி நாகேயாவில் ஐந்து அல்லது ஆறு இனங்களே உள்ளன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் காரணம் எழுத வேண்டும். இலையமைப்பும், டி.என்.ஏ. ஒப்பீடுகளில் இம்மூன்று கூட்டங்களும் தமக்குள் நெருங்கி நிற்பதும், இவற்றைப் போடோகார்ப்பஸிலிருந்து வேறுபடுத்த வலுவான சான்றுகள் என்பது என் கருத்து. அவற்றைத் தமக்குள் மூன்றாக உடைப்பதற்கு, நடுநரம்பின்றிப் பல நரம்புகள் ஓடும் இலை நாகேயாவுக்கு மட்டுமே உரியது என்பதே போதிய காரணம் என்று கருதுகிறேன். ‘எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்’ என்பது காரணம் ஆகாது. ஆய்வேடு படிப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்.

5. வகுத்த எல்லைக்குப் பேரினப் பெயரைத் தேர்தல்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். விதி எளியது: நீங்கள் வரைந்த எல்லைக்குள் எந்தெந்தப் பேரினப் பெயர்களின் வகை இனங்கள் (அந்தப் பெயர் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும் இனங்கள்) விழுகின்றன என்று பார்த்து, அவற்றில் முறைப்படி வெளியான மிகப் பழைய பெயரை எடுக்க வேண்டும். கணக்கு 1753 மே 1 முதல் தொடங்குகிறது.

நாகேயா என்ற பெயரை வெளியிட்டவர் கெர்ட்னர், ஆண்டு 1788. அதன் வகை இனம் ஜப்பானிய மரமான நாகேயா நாகி. போடோகார்ப்பஸ் என்ற பெயர் பெர்சூனின் நூலில் 1807இல் வந்தது. அதன் வகை இனம் தென்னாப்பிரிக்காவின் போடோகார்ப்பஸ் எலாங்கேட்டஸ். ஆண்டை மட்டும் பார்த்தால் நாகேயாவே மூத்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நாகேயா என்றுதானே எழுத வேண்டும் என்று தோன்றும். 1891இல் குன்ட்ஸே அப்படித்தான் செய்தார். போடோகார்ப்பஸ் இனங்களை நாகேயாவுக்கு மாற்றி எழுதிக் குவித்தார்.

ஆனால் நன்கு வழங்கிவரும் பெயர்களைக் காக்க விதித்தொகுப்பில் ஒரு வழி உண்டு. போடோகார்ப்பஸ் என்ற பெயர் நாகேயாவுக்கு எதிராகப் பாதுகாக்கப்பட்ட பெயர். இதன் பொருளைப் பலர் பாதியாகவே புரிந்துகொண்டு, நாகேயா தள்ளுபடியான பெயர், அதை எங்குமே எழுதக் கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வகை இனங்களும் ஒரே பேரினத்துக்குள் வந்தால் மட்டுமே போடோகார்ப்பஸ் முந்தும். இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகக் கொண்டால் நாகேயா தன் 1788 ஆண்டோடு முழு உரிமையுடன் நிற்கும்.

நான்காம் படியின் மூன்று விடைகளுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். எல்லாம் ஒன்று என்றால் பெயர் போடோகார்ப்பஸ். நாகேயாவும் அதன் உறவுகளும் சேர்ந்த நடுத்தரக் கூட்டம் என்றால் பெயர் நாகேயா. ஆசிய இனங்கள் மட்டும் என்றாலும் நாகேயாவே. ஆக, வகைப்படுத்தும் முடிவு மாறினால் பெயர் மாறும்; எல்லையைச் சொல்லாமல் ‘சரியான பெயர் எது’ என்று கேட்டால் விடை கிடையாது.

டெகுசோகார்ப்பஸ் என்ற பெயரையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். 1969இல் டி லாபென்ஃபெல்ஸ் நடுத்தரக் கூட்டத்துக்கு வைத்த பெயர் அது. அந்தக் கூட்டத்துக்குள் நாகேயாவின் வகை இனமும் இருந்ததால், ஏற்கெனவே இருந்த பெயரை எடுக்காமல் புதுப்பெயர் வைத்ததாகிவிட்டது. விதிப்படி அது தேவைக்கு மிஞ்சிய பெயர். எந்த எல்லை வரைந்தாலும் அதைப் பயன்படுத்த முடியாது. பின்வந்த நூல்களில் டெகுசோகார்ப்பஸ் வாலிச்சியானஸ் என்று கண்டால் இணைப்பெயர்ப் பட்டியலில் (அதே செடிக்கு வைக்கப்பட்ட மற்றப் பெயர்களின் பட்டியலில்) சேருங்கள், தலைப்பில் ஏற்ற வேண்டாம்.

6. இனப்பெயரின் மூலத்தைத் தேடுதல்

நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுபோல, இனப்பெயரையும் அது முதலில் வெளியான இடம்வரை பின்தொடர வேண்டும். தரவுத்தளத்தில் உள்ள வரியை நகலெடுத்தால் போதும் என்று இருந்துவிடாமல், பழைய நூலின் பக்கத்தையே திறந்து பாருங்கள்.

நம் மரத்துக்கு 1830இல் வாலிச் தம் ஆசிய அரிய தாவர நூலின் முதல் தொகுதியில் படத்தோடு வைத்த பெயர் போடோகார்ப்பஸ் லேட்டிஃபோலியஸ். ஆனால் அதே பெயர் 1825லேயே தென்னாப்பிரிக்காவின் வேறொரு மரத்துக்கு வழங்கப்பட்டிருந்தது. ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு இருந்தால் பிந்தியது செல்லாது. ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலின் ஐந்தாம் தொகுதி 1888இல் நம் மரத்தை லேட்டிஃபோலியா என்றே எழுதியிருப்பதால், அதை வைத்து மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் நம் மலை மரமும் ஆப்பிரிக்க மரமும் ஒன்றாகிவிடுகின்றன. மரத்தின் பயன், பரவல், வேதிப்பொருள் என்று இணையத்தில் தேடினால் வருவதில் பெரும்பகுதி ஆப்பிரிக்க மரத்தைப் பற்றியதுதான்.

1844இல் பிரெசல் இதைக் கண்டு, வாலிச்சின் பெயருக்கு மாற்றாகப் போடோகார்ப்பஸ் வாலிச்சியானஸ் என்று வைத்தார். இது மாற்றுப்பெயர் என்பதால் இதன் வகை மாதிரி, அதாவது பெயர் கட்டப்பட்டிருக்கும் சான்று மாதிரி, வாலிச்சுடையதே. பிரெசலின் தொகுப்பில் வகை மாதிரியைத் தேடுவது வீண் வேலை. லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள வாலிச் தொகுப்பிலும் அவர் நூலின் படத்திலும்தான் தேட வேண்டும்.

1891இல் குன்ட்ஸே இதை நாகேயாவுக்கு மாற்றினார். அவர் மாற்றியது போடோகார்ப்பஸ் முழுவதையும் நாகேயாவாக்கும் நோக்கத்தில். இன்று நாம் ஏற்பது குறுகிய நாகேயாவை. நோக்கம் வேறாக இருந்தாலும் அவர் செய்த பெயர்ச்சேர்க்கை முறைப்படி வெளியானது, ஆகவே செல்லும். இன்னொருவர் மீண்டும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

அதே நூலில் நாகேயா நெரிஃபோலியா போன்ற பெயர்களும் உண்டு. அவை உண்மையான போடோகார்ப்பஸ் இனங்கள். நாகேயா என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் பட்டியலிலிருந்து அள்ளி எண்ணினால் பேரினம் பல மடங்கு பெருத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இலை நரம்பைச் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

7. முழுப்பெயரை எழுதுதல்

பேரினம்: நாகேயா கெர்ட்னர். இனம்: நாகேயா வாலிச்சியானா (சி. பிரெசல்) குன்ட்ஸே.

அடைப்புக்குறிக்குள் இருப்பவர் அடிப்பெயரை (முன்பு வேறு பேரினத்தில் வைத்த மூலப்பெயரை) வெளியிட்டவர், வெளியே இருப்பவர் இப்போதைய பேரினத்துக்கு அதை மாற்றியவர். அடைப்புக்குறியை விட்டுவிட்டு இரண்டு பெயர்களையும் வரிசையாக எழுதினால் இருவரும் சேர்ந்து வெளியிட்டதாகப் பொருள் மாறிவிடும். வாலிச்சின் பெயர் இந்த வரியில் வராது. அவர் வைத்த பெயர் செல்லாததால் அது மாற்றப்பட்டுவிட்டது.

ஈற்றையும் கவனியுங்கள். போடோகார்ப்பஸ் ஆண்பால் என்பதால் வாலிச்சியானஸ். நாகேயா பெண்பால் என்பதால் வாலிச்சியானா. பேரினத்தை மாற்றியவர்கள் ஈற்றை மாற்ற மறந்து நாகேயா வாலிச்சியானஸ் என்று எழுதுவதைத் தாவரப் பெயர்ப்பலகைகளில்கூடக் காண்கிறோம்.

8. மேல்நிலைகளில் வைத்தல்

குடும்பம் போடோகார்ப்பேசி; எண்ட்லிகர் 1847இல் வெளியிட்டது. 1992இல் நாகேயாவுக்கென்றே நாகேயேசி என்ற தனிக் குடும்பம் முன்வைக்கப்பட்டது. இலை நரம்புகளின் தனித்தன்மைக்கு அதிக எடை கொடுத்த முடிவு அது. டி.என்.ஏ. சான்றுகள் நாகேயாவைப் போடோகார்ப்பேசிக்குள் ஆழமாக வைப்பதால், நாகேயாவை மட்டும் வெளியே எடுத்தால் மீதமுள்ள குடும்பம், ஒரே மூதாதையின் வழிவந்தவற்றில் ஒரு பகுதியை விட்டுவிட்ட உடைந்த கூட்டமாகிவிடும். எனவே அதை இணைப்பெயராகவே காட்டுங்கள்.

துறை விஷயத்தில் பாடநூலைப் பொறுத்துப் பைனேல்ஸ் என்றோ அரௌகாரியேல்ஸ் என்றோ இருக்கும். 2011இல் கிறிஸ்டன்ஹஸ் குழுவினர் வெளியிட்ட வரிசைமுறையில் போடோகார்ப்பேசியும் அரௌகாரியேசியும் அரௌகாரியேல்ஸில் வருகின்றன. எதைப் பின்பற்றினாலும் அந்த வகைப்பாட்டின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். வகுப்பு பைனாப்சிடா.

9. தவறாக வழங்கிய பெயர்களைப் பிரித்து எழுதுதல்

இணைப்பெயரும் தவறாக வழங்கிய பெயரும் ஒன்றல்ல: முன்னது அதே செடிக்கு வைத்த வேறு பெயர், பின்னது ஒரு செடியின் பெயரைத் தவறாக வேறொரு செடிக்கு வழங்கியது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்குவது ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணும் பிழை, தீங்கும் மிகுதி.

நாகேயா நாகியின் அடிப்பெயர் 1784இல் துன்பர்க் வெளியிட்ட மிரிக்கா நாகி. அவர் அதைப் பூக்கும் தாவரமான மிரிக்கா பேரினத்தில் வைத்துவிட்டார். பிறகு ஹூக்கரின் நூல் அதே மிரிக்கா நாகி என்ற பெயரை இமயமலை வட்டாரத்தில் காஃபல் எனப்படும் பழமரத்துக்கு வழங்கியது. அந்த மரத்தின் சரியான பெயர் மிரிக்கா எஸ்குலெண்டா. ஆயுர்வேதத்தில் கட்பலம் எனப்படும் பட்டை அதனுடையது. இன்றும் மருந்துச்செடிப் பட்டியல்களில் கட்பலத்துக்கு நேராக மிரிக்கா நாகி என்று அச்சாகிறது. பெயரின் மூலத்தை மட்டும் பார்த்துவிட்டு, கட்பலத்தின் குணங்களை நாகேயாவுக்கு ஏற்றி எழுதினால், கூம்புத் தாவரம் ஒன்றின் பட்டையை யாரோ மருந்தாகக் காய்ச்சிக் குடிக்கும் நிலை வரும். ஆகவே ‘ஹூக்கர் கருத்தில், துன்பர்க்குடையது அன்று’ என்ற குறிப்போடு இதைத் தனியாக எழுதுங்கள்.

ஊர்ப்பெயர்களும் தனி இடத்தில் வர வேண்டும். நிரம்பாலி, நரம்பாலி என்று எழுத்து மாறி மாறி வருகிறது. மலையின் மேற்கே ஒலிப்பு இன்னும் மாறும். காணிக்காரப் பழங்குடியினரிடமோ தோட்டத் தொழிலாளர்களிடமோ கேட்டால் அவர்கள் சொன்ன ஒலிப்பிலேயே, எந்த ஊரில் கேட்டது என்ற விவரத்தோடு எழுதுங்கள். அச்சில் உள்ள வடிவத்துக்குத் ‘திருத்தி’ எழுத வேண்டாம். விதித்தொகுப்பு ஊர்ப்பெயர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றுக்கு முன்னுரிமை என்ற கணக்கும் கிடையாது.

10. ஹெர்பேரியத் தாளில் முடிவை ஒட்டுதல்

பழைய தாளில் போடோகார்ப்பஸ் லேட்டிஃபோலியஸ் என்று எழுதிய சீட்டு இருந்தால் அதைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. அந்தத் தாளை முன்பு யார் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு அதுவே சான்று. அதன் அருகே உங்கள் முடிவைத் தனிச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: முழுப்பெயர், நீங்கள் பார்த்த உறுப்புகள், பின்பற்றிய வகைப்பாடு, உங்கள் பெயர், ஆண்டு.

விதையும் தாங்கியும் இல்லாத தாள் என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் மலையில் வேறு நாகேயா இல்லை என்பதால் இனப்பெயரையும் எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதுவதானால், முடிவு இடத்தை வைத்து எடுக்கப்பட்டது, உறுப்பை வைத்து அல்ல என்பதைச் சீட்டிலேயே குறிப்பிடுங்கள். தோட்டத்திலிருந்து வந்த கிளை எந்தக் காலத்திலும் காட்டுத் தாள்களோடு கலந்துவிடக்கூடும்.